வாசலில் தொடங்கிய தரை

பேரை முதலில் கெடுத்தவன் வேதாசலம். இதில் தனகோட்டிக்கு ஒருநாளும் சந்தேகம் வந்தது கிடையாது. மாமனார் அதற்குப் பிறகு, அரிசி மண்டிக்காரர் அதற்குப் பிறகு, டீக்கடையில் ‘இன்னிக்கு நிதானமா கொத்தனாரே’ என்று கேட்டுவிட்டுப் பக்கத்திலிருப்பவன் தொடையைத் தட்டிச் சிரித்தவர்கள் எல்லாம் அதற்கும் பிறகு. ஆரம்பித்து வைத்தவன் இவன். இதோ எதிரில், வாசற்படிக்கு அந்தப் பக்கம், மரநாற்காலியில் தலையணை வைத்து உட்கார்ந்திருக்கிறான். முன்னால் நாலு கால் வாக்கரை நிறுத்தி அதன்மேல் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு, ஏதோ தேர் பார்க்க வந்தவன் மாதிரி. சகலை. இவர் மனைவி அஞ்சலாட்சியின் தங்கை கனகவல்லியைக் கட்டியவன். வேறு யாராக இருந்திருந்தாலும் ஊர்ப்பக்கம் போகாமல் இருந்துவிடலாம், சகலையாய்ப் போய்விட்டான், கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றிலும் எதிரில் வந்து நிற்பான். தனகோட்டி எண்ணெய்த் துணியைப் பிழிந்து அடுத்த கல்லில் வைத்தார். கல் கொஞ்சம் கறுத்து, அப்புறம் சிவந்தது. ஈரம் பட்டால்தான் பழைய செங்கல்லுக்கு உள்ளே என்ன நிறம் இருந்தது என்றே தெரிகிறது. புதுச்சேரியில் கடலோரமாய் இருந்த ஏதோ ஒரு வீட்டை இடித்ததில் வந்த கல், மெலிசாய், கைக்கு அடக்கமாய், நாலு பக்கமும் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டு லாரியில் வந்து இறங்கியபோது சாம்பல் மேட்டைப் போல இருந்தது. ஒவ்வொன்றையும் மடியில் போட்டு, கொத்துளியால் சுரண்டி, டிரம்மில் ஊறப்போட்டு, கோணல், மூளி, நல்லது என்று பிரித்து, நல்லதை நடுவில், மூளியை ஓரத்தில் என்று பாய் பின்னல் மாதிரி இரண்டு இரண்டாய்க் குறுக்கும் நெடுக்குமாகப் பதித்து, இடுக்கில் மணலும் சுண்ணாம்பும் கூட்டி, கல் போட்டு உரசி, இப்போது இன்றைக்கு இரண்டாம் கை எண்ணெய், கடைசி வேலை. இதோடு முடிந்தது. இதோடு இந்த வீட்டுக்கு வர அவருக்கு ஒரு காரணமும் இல்லை. அவன் சொல்வதானால் இன்றைக்குச் சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டியது ஒன்றும் பெரிதில்லை. ‘அன்னிக்கு நீ குடிக்கல’ என்று சொன்னால் போதும். தலை குனிய வேண்டாம், கையைப் பிடிக்க வேண்டாம். வாக்கரைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம். ஆனால் சத்தமாகச் சொல்ல வேண்டும், சமையற்கட்டில் இருக்கிற கனகவல்லி காதில் விழுகிற மாதிரி, ஏனென்றால் அக்காள் போய்விட்டாள், இனி இந்தக் கதை தெரிந்து மிச்சம் இருப்பவள் தங்கைதான். தனகோட்டி அந்த வார்த்தைகளை வேதாசலத்தின் குரலிலேயே தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவனுடைய மூக்கடைத்த குரல், ‘அன்னிக்கு’ என்பதை இழுத்து. எத்தனையோ சாரத்தின் மேல், எத்தனையோ பஸ்ஸில், அஞ்சலாட்சியின் பாடைக்குப் பக்கத்தில் நின்றபோதுகூட. அவள் காதில் விழவேண்டியது, விழாமலே எடுத்துக்கொண்டு போனார்கள். துணி ஒரு மூளிக் கல்லின் வாயில் மாட்டிக்கொண்டது. இழுத்தார். நூல் ஒன்று கல்லோடு நின்றுவிட்டது, நகத்தால் பிடுங்கினார். அன்றைக்கு எடுத்தது ஒரு மதில். மண்டிக்காரரின் புதுக் கிடங்கைச் சுற்றி மதில். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த நேரம், ஈரக் கல், ஈர மண், இடுப்புக்கு மேல் இன்றைக்கு ஏற்ற வேண்டாம் வேதா, நாளைக்கு இறுகட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கரணையைக் கழுவினார். அஞ்சலாட்சியை அவள் அம்மா வீட்டிலிருந்து அழைத்துவரச் சாயங்கால பஸ்ஸைப் பிடித்தார். தீபாவளிக்கு முன்பு முடிந்தால் மண்டிக்காரர் மெச்சிக்கொள்வார், அடுத்த வேலையைத் தனியாகத் தனக்கே கொடுப்பார் என்று இவன் பெட்ரோமாக்ஸ் விளக்கை மாட்டிக்கொண்டு தலை உயரத்துக்கு ஏற்றியிருக்கிறான். மழையில் மதில் சாய்ந்து, கட்டியிருந்த வண்டி மாட்டின் மேல் விழுந்தது. காலையில் மாட்டைச் சுற்றிக் கூட்டம். மண்டிக்காரர் குடையோடு நின்று யாருடா மூலையை எடுத்துக் கட்டினது என்று கேட்டார். வேதாசலம் சொன்னான், மூலையை எடுத்தது தனகோட்டி அண்ணன்தான், நேத்து அண்ணன் நிதானத்துல இல்லீங்க. அவ்வளவுதான். மரியாதையாகத்தான் சொன்னான். இரண்டு தடவை அண்ணன் என்றான்.

தனகோட்டி நிமிர்ந்து பார்த்தார். வேதாசலத்தின் வாய் கொஞ்சம் திறந்தது. கீழ் உதடு முன்னால் வந்து, நாக்கு பல்லைத் தொட்டு, ஏதோ வரப்போகிறது என்றிருந்தது. தனகோட்டியின் கை கல்லின்மேல் நின்றது. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. வா, வா, சொல்லிவிடு. கண்ணை அவன் முகத்தை விட்டு எடுக்கவில்லை. வேதாசலம் வாயை மூடிக்கொண்டான். வாக்கரின் ரப்பர்ப் பிடியைக் கட்டைவிரலால் தேய்த்தான். சமையற்கட்டில் தாளிக்கிற சத்தம் கேட்டது. சரி. இன்னும் பாதித் தரை இருக்கிறது. தனகோட்டி முட்டியைப் பின்னால் இழுத்து அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். முட்டிக்குக் கீழே சாக்கு மடித்துப் போட்டிருந்தும் எலும்பு கல்லோடு பேசியது. ஒருவருக்கொருவர் பேச்சு நின்று எத்தனை வருஷமோ ஆயிற்று. இந்த வேலை ஆரம்பித்த நாளிலிருந்து அவன் மகள் மலர்க்கொடிதான் நடுவில். மலரு, பெரியப்பாவுக்கு ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு. மலர், உங்கப்பாவைக் காலை எடுக்கச் சொல்லு, நூல் கட்டணும். மலர் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விடும் நாட்களில் வேதாசலம் வாக்கரிடம் பேசுவான்: ஏய் கட்டை, அந்த மூலையில ஒரு கல்லு ஆடற மாதிரி இருக்குது பாரு. தனகோட்டி ரசமட்டத்திடம் பதில் சொல்வார்: ஆடலேன்னு சொல்லு. ஒருநாள் கனகவல்லி இதைக் கேட்டுவிட்டு, இந்த வீட்டுல கட்டைக்கும் மட்டத்துக்கும் இருக்கிற உறவுகூட மனுஷங்களுக்கு இல்ல என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு எல்லாம் விளையாட்டு. அவளும் நம்பியவள்தானே. அப்பன் நம்பினார், அம்மா நம்பினாள், அவள் மட்டும் எப்படி நம்பாமல் இருந்திருப்பாள்? மாமனார் அந்தத் தீபாவளிக்கு வேட்டி வைத்துக் கொடுத்தபோது, மாப்ள, பணத்தை என் பொண்ணு கையில குடுத்துடுங்க என்றார். வேட்டியின் மடிப்பில் இருந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு சரி மாமா என்றார் தனகோட்டி. சரி மாமா. அந்த மஞ்சள் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அவரை வேலைக்குக் கூப்பிட்டது இவனில்லை, மலர்தான். ஆனால் அப்பாதான் உங்கள் பேரைச் சொன்னார் பெரியப்பா என்றாள். ஊரெல்லாம் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் டைல்ஸ் ஒட்டிக் கொடுத்து மேஸ்திரி ஆனவன், தன் வீட்டில் தான் ஒட்டிய டைல்ஸிலேயே குளித்துவிட்டு வந்த ஈரக்காலோடு வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். கேட்டபோது தனகோட்டி சிரிக்கவில்லை. சிரிப்பு வருமென்று காத்திருந்தார், வரவில்லை. வேறு என்னவோ வந்தது, பசி மாதிரி. இனிமேல் கால் பிடிக்கிற தரைதான் வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். மலர் இடிப்புக் கல்லாக வாங்கிப் போட்டிருந்தாள். அப்பாதான் உங்கள் பேரைச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு தனகோட்டி அன்று ராத்திரி பாயில் புரண்டார். பேரைச் சொன்னானா? எப்படிச் சொன்னான்? தனகோட்டி என்றா, அண்ணன் என்றா? கல்லு வேலைக்கு அவன்தான் என்றா, இல்லை, அவன் சும்மாத்தானே இருக்கிறான் என்றா? சொல்வதற்காகத்தான் கூப்பிடுகிறான். இடுப்பு உடைந்தவனுக்குச் சாவு கண்ணில் தெரிந்திருக்கும். இல்லை, கூலிக்குக் கூப்பிடுகிறான், நான் முட்டி போட்டு இருக்க அவன் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கக் கூப்பிடுகிறான். இரண்டில் எது என்று தெரியாமலே தரை பாதி வளர்ந்துவிட்டது. அப்புறம் உப்பு. கடற்கரை வீட்டுக் கல் அல்லவா, பதித்து முடித்த மறுநாள் காலையில் தரை முழுக்க வெள்ளை பூத்துக் கிடந்தது, மாவு தெளித்த மாதிரி. மலர் பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றப் போனாள், வேண்டாம் என்று தடுத்தார். தண்ணீர் ஊற்றினால் உள்ளே போய்ப் பதுங்கிக்கொண்டு மறுபடி வரும். உலர்ந்த துடைப்பத்தால் தள்ளித் தள்ளித்தான் தீர்க்க வேண்டும். தினம் காலையில் வந்து கூட்டுவார், தினம் பூத்தது. எந்தக் காலத்து அலையிலிருந்து குடித்த உப்போ. ஒருநாள் பூக்கவில்லை. தீர்ந்துவிட்டதே என்று ஏனோ ஏமாற்றமாக இருந்தது. மறுநாளே, அதாவது நேற்று, முதல் கை எண்ணெய் அடித்தார். ஊற்ற ஊற்ற இழுத்தது. கல்லு இவ்வளவு குடிக்குதே பெரியப்பா என்று மலர் சிரித்தாள். குடிக்குதே. தனகோட்டி சட்டென்று திரும்பி நாற்காலியைத்தான் பார்த்தார், அவன் உதட்டில் ஏதாவது நெளிகிறதா என்று. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். தூங்குகிற மாதிரி இருந்தான்.

துணியை டப்பாவில் தோய்த்தார். எண்ணெயோடு டர்பன்டைன் கலந்து வெந்நீரில் வைத்துச் சூடு காட்டியது, மூக்கில் ஏறி நெற்றிப்பொட்டில் போய் உட்கார்ந்தது. நல்ல வாசனைதான். அஞ்சலாட்சிக்குப் பிடித்திருக்கும். இல்லை, பிடித்திருக்காது. அவள் மூக்கு. வேலை விட்டு வந்து வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் சொம்பில் தண்ணீரோடு வருவாள், கையில் கொடுக்கும்போது தலையைச் சற்றுச் சாய்த்து, அவர் முகத்துப் பக்கம் வந்து, ஒரு மூச்சு. அவ்வளவுதான், ஒரே மூச்சு. பார்க்கிறவர்களுக்குப் புருஷன் காதில் என்னவோ சொல்கிறாள் என்று தோன்றும். அந்த மதில் விழுந்த வாரம் ஆரம்பித்தது. முதல் தடவை அவர் அடித்துவிடலாம் என்று கை ஓங்கினார், ஓங்கிய கையால் சொம்பை வாங்கிக் குடித்தார். என்ன சொல்வது? வாயைத் திறந்து, நான் தொட்டதே இல்லை என்று ஒரு தடவை சொன்னார். எனக்குத் தெரியாதா என்றாள். தெரியும் என்றால் மறுநாள் எதற்கு? மறுநாளும் வந்தது அந்த மூச்சு. குழந்தை இல்லாத வீட்டில் வேறு யாரும் வாசலுக்கு வருகிறவர்கள் கிடையாது, சொம்பும் மூச்சும்தான். படுக்கையில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் போன பிறகுகூட, அவர் குனிந்து கஞ்சி புகட்டும்போது நாசி லேசாக விரியும். கடைசி வரையில். அவள் போன பிறகு ஒருநாள் வேலையிலிருந்து வந்து, சைக்கிளை நிறுத்திவிட்டு, முகத்தைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலில் நின்றிருந்தார். அப்போதுதான் உறைத்தது. இவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் ஒருநாளாவது மூச்சு இழுக்காமல் தண்ணீர் கொடுத்திருப்பாள். அந்த ஒருநாளை இவன் கொடுக்க வேண்டும். எங்கிருந்து எடுத்துக் கொடுப்பான்?

மறுபடி அவன் வாய் திறந்தது. இந்தத் தடவை கையைக்கூட வாக்கரிலிருந்து எடுத்தான், சுட்டுவிரல் பாதி நீண்டது. தனகோட்டி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். சொல்லு. என் கண்ணைப் பார்த்துச் சொல்லு. விரல் மடங்கிவிட்டது. இதற்காகத்தான் அவனைப் பார்த்தபடி உட்கார்ந்து வேலை செய்தார். காலையில் வந்தவுடன், உள்சுவரிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று ஒரு கணம் போனார்தான். ஆனால் நாற்காலியை அதற்குள் படியோரம் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். உள்சுவரில் ஆரம்பித்தால் முதுகை இவனுக்குக் காட்டிக்கொண்டு, முட்டி போட்டு, பின்புறமாகவே நகர்ந்து நகர்ந்து, வேலை முடிகிறபோது இவன் காலடியில் போய் முடிய வேண்டியிருக்கும். இவன் காலடியில், குனிந்த வாக்கில், பின்பக்கம் முன்னே. நினைத்தவுடனே காது சூடாகிவிட்டது. முதுகைக் காட்டி ஒரு தடவை பஸ் ஏறியது போதாதா? அவன் முகம் தெரிய வேண்டும். அவன் வாய் திறக்கும்போது நான் பார்க்க வேண்டும். டப்பாவைப் படியோரத்தில் வைத்து, அவன் கால் கட்டைவிரலுக்கு நேராக இருந்த கல்லில் துணியை வைத்தார். அங்கிருந்து வரிசை வரிசையாக, முகம் அவனைப் பார்க்க, பின்னால் நகர்ந்தார். ராஜா மாதிரி உட்காரட்டும், நான் எங்கே போகிறேன், இங்கேதான் இருக்கிறேன், எதிரிலேயேதான். இன்னும் நாலு வரிசை. மூன்று. டப்பாவில் எண்ணெய் அடியில் கிடந்தது. சூடு குறைந்து கெட்டியாகியிருந்தது. முட்டியை இழுத்தார், இன்னொரு கல், இன்னொரு இழுப்பு, குதிகால் எதிலோ இடித்தது. திரும்பிப் பார்த்தார். சுவர்.

கொஞ்ச நேரம் அது என்ன சுவர் என்றே புரியவில்லை. பக்கத்தில் இன்னொரு சுவர். தலைக்கு மேல் கம்பி போட்ட ஜன்னல். கீழே, எண்ணெய் படாமல் மிச்சம் இருந்தது ஒரு ஆள் குந்துகிற இடம். முன்னால், வாசல் வரைக்கும், ஒரு கல் விடாமல் தரை சிவந்து ஈரமாய்ப் பளபளத்துக்கொண்டு கிடந்தது. அறைக்கு அந்த ஒரு வாசல்தான். தனகோட்டி துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே குந்தினார். நேற்று அடித்ததைக் கல் குடித்துவிட்டது, இன்று அடித்தது மேலேயே நிற்கும், வெயில் தாழ்கிற வரைக்கும் கால் வைக்க முடியாது. வைத்தால் வைத்த இடம் வைத்த மாதிரியே பதிந்துவிடும், அப்புறம் எத்தனை தேய்த்தாலும் கால்விரல் தெரியும். நேற்று சித்தாள் வேலைக்கு வந்த புள்ளைகூட இதைச் செய்யாது. வாசலைப் பார்க்க முதுகை வைத்துக்கொண்டு பின்னால் போவது என்பது யாரும் சொல்லிக் கொடுக்கிற விஷயமே இல்லை. மாடு கொட்டகைக்குப் போகிற மாதிரி. தன்னையே தான் மூலையில் வைத்துப் பூசிக்கொண்டேன். நிதானம். நிதானத்துல இல்லீங்க. அந்த வார்த்தைக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது, அது கத்தி மாதிரி வந்தது: அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் கொத்தன்தான். முதல் கல்லில் துணி வைத்தபோதே அவனுக்குத் தெரிந்திருக்கும், இவன் எங்கே போய் முடியப் போகிறான் என்று. நாழிக்கணக்காக எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லக் கூடாததைச் சொன்னான், அதற்கப்புறம் சொல்ல வேண்டியது எதையுமே சொன்னதில்லை. தனகோட்டி தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் அவன் சிரிப்பது தெரிந்துவிடும். எண்ணெயில் ஜன்னல் கம்பியின் நிழல் மங்கலாகக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மலர் வந்துவிட்டால் என்ன சொல்வது? கனகவல்லி வந்தால்?

கனகவல்லிதான் வந்தாள். டீ டம்ளரோடு வாசலுக்கு வந்தவள், மாமா என்று ஆரம்பித்து நிறுத்தினாள். தரையைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, டீ தளும்பிக் கையில் கொட்ட, கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அக்காளின் சிரிப்பு. அஞ்சலாட்சியும் இப்படித்தான், சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். தனகோட்டிக்குக் கோபம் வர வேண்டிய இடம், வரவில்லை. டீ ஆறுது, இருங்க என்று அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு, முருங்கை மரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் வந்து, ஜன்னலுக்கு வெளியே நின்றாள். கம்பிக்கு நடுவில் டம்ளரை நுழைத்தாள். அவர் எட்டி வாங்கினார். வாங்கும்போது அவள் முகம் கம்பிக்கு வெகு அருகில் வந்தது. வந்து, மூச்சை இழுத்தாள். தனகோட்டியின் கையிலிருந்த டம்ளர் கம்பியில் மோதிக் கணகணத்தது. தங்கையுமா? இந்த வயதிலுமா?

“இன்னா வாசனை மாமா இது, தலையச் சுத்துது. எங்க அக்கா இருந்திருந்தா மோந்துகிட்டே நின்னிருக்கும்” என்றாள்.

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே, உங்க அக்கா மோந்தது வேற எதுக்கோ என்றார்.

“எதுக்கு?”

“உனக்குத் தெரியாதா?”

கனகவல்லி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. “அட, அதுவா? மாமா, அது ஒரு வாரம்தான் அப்படிப் பார்த்துச்சாம். எங்கப்பா தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினாராம், பார்த்துச் சொல்லுன்னு. ஒரு வாரம் பார்த்துட்டு, உன் மருமகன் வாயில வெத்தலை வாசம்கூட இல்லேன்னு அவருகிட்ட சண்டை போட்டுட்டு வந்துச்சு. எங்கப்பன் கேக்கல, அது வேற. அதுக்கப்புறம் எதுக்குக்கா இன்னும் அப்படிப் போறேன்னு நானே கேட்டிருக்கேன். பூச்சு வேலை முடிச்சுட்டு வந்தா மேல ஒரு சுண்ணாம்பு வாசம் வரும்டீ, எனக்குப் புடிக்கும்னு சொல்லும். உங்ககிட்ட சொன்னதில்லையா?”

சொன்னதில்லை. எனக்குத் தெரியாதா என்று மட்டும் சொன்னாள். சுண்ணாம்பு வாசம். அதற்காகவா? அவர் தன் முன்கையைப் பார்த்தார். மயிரெல்லாம் சுண்ணாம்புத் தூள் எண்ணெயில் ஒட்டி மடிந்திருந்தது. முகர்ந்து பார்க்க வேண்டும்போல் இருந்தது, இவள் எதிரில் வேண்டாம். அத்தனை சாயங்காலம். அத்தனை சாயங்காலமும் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் குடித்தேனே. அவள் மூச்சு இழுக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேனே, விறைத்துப்போய், கம்பம் மாதிரி. அவள் கிட்டே வருவதற்கு ஒரு சாக்கு வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், அந்தச் சாக்கையும் இவன் கெடுத்தான். கெடுத்தவன் இவன்தானே? இவன் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் வரும்போது நான் முகத்தைக் கொடுத்திருப்பேன். அப்படியானால் இவன் தர வேண்டியது கூடிவிட்டது. குறையவில்லை, கூடிவிட்டது. இதை நினைத்தபோது தனகோட்டிக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது, பழைய இடத்தில் பழைய மாதிரி கால் ஊன்றியது போல. அதே நேரம் கண் ஏன் இப்படி எரிகிறது, டர்பன்டைன் ஏறிவிட்டது. அவர் முகத்தைத் தோளில் துடைத்தார். அப்போதுதான் வாசல் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது, மரம் தரையில் இழுபடுகிற சத்தம். நாற்காலி பின்னால் போயிருந்தது. வேதாசலம் எழுந்து நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையாலும் வாக்கரைத் தூக்கி, படிக்கு இந்தப் பக்கம், ஈரத் தரையில், ஊன்றினான். உடம்பு முழுவதும் அதன் மேல் சாய்ந்தது. ஒரு கால் படியை விட்டு எழும்பியது. அவன் கண் தரையில் இல்லை, மூலையில் இருந்தது, தனகோட்டியின் மேல். வாய் திறந்திருந்தது. வாக்கரின் கால் எண்ணெயில் ஒரு விரற்கடை வழுக்கியது.

“வேதா, வைக்காத. வழுக்கும்.”

யார் சொன்னது என்று ஒரு கணம் இருவருக்குமே தெரியவில்லை. கட்டையிடம் சொல்லவில்லை, மட்டத்திடம் சொல்லவில்லை. தனகோட்டி எழுந்து நின்றிருந்தார், டம்ளர் சாய்ந்து டீ வேட்டியில் ஓடியது. வேதாசலத்தின் தூக்கிய கால் அப்படியே நடுங்கிக்கொண்டு நின்றது. ஜன்னலில் கனகவல்லி, ஏங்க, ஏங்க என்றாள். “பின்னால வை. கால மொதல்ல. அப்புறம் கட்டைய எடு. மெதுவா” என்றார் தனகோட்டி. வேதாசலம் காலைப் படியில் வைத்தான், கட்டையை எடுத்தான், நாற்காலி இருக்கிறதா என்று பின்கையால் தடவி உட்கார்ந்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது. சட்டைக்குள் எலும்பு ஏறி இறங்குவது மூலை வரைக்கும் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் இவன் இப்படி மெலிந்துபோனதைத் தனகோட்டி பார்க்கவே இல்லை. முகத்தைத்தான் பார்த்திருக்கிறார், அதிலும் வாயை.

மூச்சு அடங்குகிற வரைக்கும் இருந்து, தனகோட்டி கேட்டார்: “மொதக் கல்லுல துணி வெச்சப்பவே பார்த்த இல்ல?”

“பார்த்தேன்.”

“ஏன் சொல்லல?”

“வாயத் தொறந்தேன் சகல. தொறந்தப்பல்லாம் நீ ஒரு பார்வை பார்த்த. வெட்டற மாதிரி. சரி, வேணும்னேதான் செய்யறியாக்கும், எதாவது புது முறையோ என்னவோன்னு இருந்துட்டேன்.”

அதற்காகவா வாயைத் திறந்தாய்? வெளியே போக வாசல் இதுதான் என்று சொல்லத்தானா? நான் இங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நீ எண்ணெயைச் சொல்ல வந்தாயா? தனகோட்டிக்குச் சிரிப்பு வந்தது, வந்து, மார்பில் பாதி வழியில் நின்று, வேறு என்னவோ ஆகி இறங்கிவிட்டது. அது சரி. அது அப்போது. இப்போது? இப்போது இடுப்பு உடைந்தவன் ஈரத் தரையில் கால் வைக்க எதற்கு எழுந்தான்? எண்ணெயைச் சொல்ல எழுந்திருக்க வேண்டியதில்லை.

“இப்ப எதுக்கு எழுந்த?”

வேதாசலம் வாக்கரின் பிடியைத் தேய்த்தான். ஜன்னலில் கனகவல்லி அசையாமல் நின்றாள். முருங்கை மரத்தில் அணில் ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

“அவ சொன்னது காதுல விழுந்துச்சு.”

“விழுந்து?”

வேதாசலத்தின் கீழ் உதடு முன்னால் வந்தது. நாக்கு பல்லைத் தொட்டது. தனகோட்டி இந்தத் தடவை வெட்டுகிற மாதிரிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கக் கண்ணைத் தரையில் போட்டார். அவனுக்கு லேசாக இருக்கட்டும் என்று, ஜன்னல் கம்பியின் நிழலைப் பார்த்தார், ஒரு கல்லைப் பார்த்தார், அதன் பக்கத்துக் கல்லைப் பார்த்தார். வரட்டும். அணில் நின்றது. அவன் மூச்சு இழுப்பது கேட்டது.

“டீ எல்லாம் கொட்டிடுச்சு பாரு. கனகு, வேற போட்டுக் குடு” என்றான் வேதாசலம்.

கனகவல்லி போனாள். தனகோட்டி மறுபடி குந்தினார், நனைந்த வேட்டியைப் பிழிந்துவிட்டுக்கொண்டார். இன்னும் வெயில் இறங்கவில்லை. படியோரத்தில், அவர் முதன்முதலாகத் துணி வைத்த அந்தக் கல்லில், வாக்கரின் ரப்பர்க் கால் வட்டமாக அழுந்தி, ஒரு விரற்கடை இழுபட்டிருந்தது. இங்கிருந்தே தெரிந்தது. அது போகாது. தேய்த்தால் பக்கத்துக் கல்லும் வெளுத்துவிடும். அந்த ஒரு கல்லை மட்டும் நெம்பி எடுத்து, அடிப்பக்கம் மேலே வரத் திருப்பிப் போட்டு, இடுக்கை அடைத்து, காய்ந்து, உப்புப் பூக்கிறதா என்று பார்த்து, மறுபடி இரண்டு கை எண்ணெய். ஒரு நாளில் ஆகிற வேலை இல்லை.

“அந்தக் கல்லை மாத்தணும்” என்றார், யாரையும் நடுவில் வைக்காமல். “நாளைக்கு வரேன்.”

“வா” என்றான் வேதாசலம். போய்விடாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். இந்த மூலையில் இவர், அந்தப் படியில் அவன், நடுவில் ஈரம் மெதுவாகக் கல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தனகோட்டி முன்கையை மடித்து மூக்கருகே கொண்டுபோய், யாரும் பார்க்காத மாதிரி, ஒரு மூச்சு இழுத்தார். எண்ணெய்க்கு அடியில் எங்கேயோ சுண்ணாம்பு இருந்தது. எதிரில் இருந்தவன் இன்னும் சொல்லவில்லை.